மில்காரர் வீட்டு வாசலில் நான் போட்ட கேனோப்பி

கடை வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளர்தான் வழி கேட்டு வரவேண்டும். வழி தவறினால் அது அவர் பாடு. கேனோப்பி என்கிற துணிப்பந்தலை வாடகைக்கு விடுகிற வியாபாரம் அப்படியில்லை. இரும்புக் கால்களையும் துணியையும் நாற்காலிகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு நாம்தான் வாடிக்கையாளர் வீட்டைத் தேடிப் போகவேண்டும். தேடிப் போனால் மட்டும் போதாது, சரியான வீட்டுக்குப் போகவேண்டும். இந்த இரண்டாவது பகுதியை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

நான் மாலினி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி. அப்பாவும் அம்மாவும் அங்கே பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். கற்பூரம் வாங்க வந்தவர் கூடவே ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு போனால் அன்றைக்கு அதுதான் எங்கள் கடையின் பெரிய சம்பவம். அப்படிப்பட்ட நான் கல்யாணமாகிப் போய்ச் சேர்ந்தது காப்பாரில், வீட்டுக்கு முன்னால் லோரியும் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டமும் இருக்கிற ஒரு கேனோப்பி குடும்பத்தில். மாமனார் இறந்த பிறகு மாமியாரும் என் கணவர் தினேஷும்தான் அந்தத் தொழிலை நடத்திவந்தார்கள். அத்தை போனில் ஆர்டர் எடுப்பார், தினேஷ் ஆட்களோடு போய்ப் போட்டுவிட்டு வருவார். இதில் நான் எங்கே நுழைவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். இந்தத் தொழிலை நவீனமாக்கவே ஆண்டவன் என்னைக் காப்பாருக்கு அனுப்பியிருப்பதாக நம்பினேன்.

நவீனமாக்கும் வேலை டீ-சட்டையில் தொடங்கியது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தைத்து, முதுகில் 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்தேன். அத்தை அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்டார். (எங்கள் தொழிலில் பாதி வருமானம் அதில்தான்.) அதற்கு வேறு சட்டை தைக்கலாம் என்றேன். அது இன்றுவரை தைக்கப்படவில்லை.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தையும் சொல்லிவிடவேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கேனோப்பி ஒன்றுதான். அதே இரும்பு, அதே வெள்ளைத் துணி. கல்யாணம் என்றால் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஜாலர் தொங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் அத்தை கொல்லையில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். இது எங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை தினேஷ் பெரிய லோரியோடு பத்துமலைப் பக்கம் ஒரு பெரிய கல்யாண வேலைக்குப் போயிருந்தார். ஆட்களில் பெரும்பாலானவர்களும் ஜாலர்கள் மொத்தமும் அவரோடு போய்விட்டன. கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன ஆர்டர் ஒன்று இருந்தது. பத்மா அக்கா என்பவர் வீட்டில் சாயங்காலம் மகளுக்கு நலங்கு, மறுநாள் கோயிலில் கல்யாணம். ஜாலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பூக்காரர் வந்து அலங்காரம் செய்துகொள்வார் என்று சொல்லியிருந்தார்கள். நான் போய் முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அத்தை கொஞ்சம் யோசித்தார். வேறு ஆள் இல்லை.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே அத்தை விலாசம் சொன்னார். செம்பாக்கா மூன்று, பதினைந்தாம் நம்பர். காலையில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், எல்லாரும் கோயிலுக்கும் கடைக்கும் போயிருப்பார்கள், வாசலில் ரோட்டோடு சேர்த்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றார். நான் போனில் ஜாலான் செம்பாக்கா மூன்று என்று தட்டினேன். மலேசியாவில் தாமானுக்குள் வீடு தேடியவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். அதே தாமானில் லோரோங் செம்பாக்கா மூன்றும் இருந்தது. ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. அத்தை லோரோங் என்று சொன்னாரா, மீன் செதிலோடு சேர்த்து அதையும் தண்ணீரில் விட்டுவிட்டாரா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

லோரியை ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். யார் என்ன சொன்னாலும் "சரிதான் லா" என்று சொல்லக்கூடிய நல்ல மனிதர். பின்னால் நேப்பாளத் தொழிலாளர்கள் இரண்டு பேர். பதினைந்தாம் நம்பர் வீட்டு கேட் பூட்டியிருந்தது. போர்ச்சில் வண்டி எதுவும் இல்லை. சொன்னபடியே ஆள் இல்லை, ஆகவே சரியான வீடு. முனியாண்டி அண்ணனிடம் இதுதானே வீடு என்று கேட்டேன். சரிதான் லா என்றார்.

வேலை மளமளவென்று நடந்தது. நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டேன். (அவர்கள் பாட்டுக்குத் தங்களுக்குத் தெரிந்தபடி போட்டார்கள்.) கேனோப்பி பக்கத்து வீட்டு கேட் வரைக்கும் நீண்டது. நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டோம். சீனர் ஒருவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் தன் காரை எடுத்துத் தள்ளி நிறுத்தி எங்களுக்கு இடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு பெட்டி மினரல் வாட்டரைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போனார். கல்யாண வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் எவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறார்கள் என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பிறகு எதிர்வீட்டு ஆன்டி நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் கேட்டைப் பார்த்தார், கேனோப்பியைப் பார்த்தார், முந்தின ராத்திரி ஒரு கார் வந்துபோனதைத் தான் பார்த்ததாகவும் அப்போதே தனக்கு மனசு சரியில்லை என்றும் சொன்னார். கல்யாண வீட்டுக்குக் கார் வராதா என்று நினைத்துக்கொண்டு நான் சிரித்துவைத்தேன்.

"எப்பம்மா எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

கேனோப்பியை எப்போது எடுக்கிறோம் என்றுதான் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அதுதான் முக்கியமான கேள்வி. "நாளைக்கு மத்தியானம் எடுத்துருவோம் ஆன்டி."

"ரொம்ப நேரம் வெச்சிருக்காம எடுத்துட்டா நல்லதுதான்."

"ஒரு நாளைக்குத்தான் ஆன்டி. அதுக்கு மேல வெச்சா எக்ஸ்ட்ரா சார்ஜ்."

ஆன்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொண்ணு வந்துவிட்டாளா என்று கேட்டார். வந்துகொண்டிருப்பாள் என்றேன். அழுதுகொண்டே வருவாளே என்றார். அந்தச் சமயத்தில் அழத்தானே செய்வார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். சாப்பாடு எப்படி என்றார். சைவம்தான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின்னே அசைவமா போடுவார்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். போகும்போது என் முதுகிலிருந்த வாசகத்தைப் படித்திருக்கவேண்டும். வீட்டுக்குள் நுழையும்வரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர், இருவர், பிறகு ஒரு காரில் நான்கு பேர். யாரும் சத்தமாகப் பேசவில்லை. வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள். நம் ஆட்கள் ஏழு மணி விசேஷத்துக்கு ஒன்பது மணிக்கு வருகிறவர்கள், சாயங்கால நலங்குக்குக் காலையிலேயே வந்து இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெண் வீட்டார் ரொம்பக் கட்டுப்பாடான குடும்பம்போல என்று முடிவு செய்தேன். எங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக, நாற்காலிகள் நிறைந்திருக்கும் அழகை ஒரு படமும் எடுத்தேன். எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள் என்று கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் போன் தானாக என் பைக்குள் போய்விட்டது.

பூட்டிய வீட்டுக்குள் ஒரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நிற்கும், உடனே மறுபடியும் அடிக்கும். யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. கல்யாண வீடென்றால் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது ஒரு பழைய வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் மிளகாயும் மல்லியும் வரைந்து, ஏதோ மாவு மில் என்று எழுதியிருந்தது. அதிலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். சட்டையெல்லாம் மஞ்சள் தூள். இறங்கியவர் நான்கு அடி நடந்து, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். கல்யாணத்தில் பெண்ணின் அப்பா அழுவதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்படி இல்லை. மில்லை விட்டுப் போனபோதே பேசியிருக்கவேண்டும், இத்தனை வருஷம் பேசாமலே இருந்துவிட்டேனே என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. முதல் தடவையாக நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

சரியாக அந்த நேரத்தில் அத்தை போன் செய்தார். பத்மா அக்கா கோயிலிலிருந்து வந்துவிட்டாராம், கேனோப்பியைக் காணோமாம், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வேலை எப்போதோ முடிந்துவிட்டது, ஆட்கள்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றேன். அத்தை நிதானமாக, "யாரு வீட்டு ஆளுங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து லோரிக்குப் பின்னால் நின்றது. முன் கூடையில் கீரைக்கட்டும் முருங்கைக்காயும். ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ரோட்டை அடைத்து நிற்கும் கேனோப்பியைப் பார்த்தபடி மெதுவாக நடந்து வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன் என்று பிற்பாடு சொன்னார். வாசலில் நின்று விசாரிப்பது மரியாதையில்லை என்று, சத்தமில்லாமல் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அது அழுதுகொண்டிருந்தவருக்குப் பக்கத்து நாற்காலி. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"யாரு போயிட்டாங்க?" என்று அவர் கேட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல் குடத்துக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

மற்றவர் தலையை நிமிர்த்தவில்லை. "எங்க அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு இருந்ததே ஒரு அண்ணன்தான்."

ஹெல்மெட்காரர் திரும்பி, பூட்டிய கேட்டைப் பார்த்தார். கேட்டில் இருந்த நம்பரைப் பார்த்தார். அப்புறம் கழுத்துக்குக் கீழே கொக்கியைத் தேடி, இரண்டு தடவை தவறவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கோபாலு," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். நாற்காலிகள் சில விழுந்தன. எதிர்வீட்டு ஆன்டி தன் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார்கள். தம்பிக்காரர் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து அமுக்கிப் பார்த்தார், தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று திட்ட ஆரம்பித்தார். முடி வெட்டப் போகிறவனுக்கு எதற்குப் போன் என்றார் அண்ணன். அந்த அண்ணன் பெயர் அருணாசலம். தாமானில் எல்லாருக்கும் அவர் மில்காரர். தம்பி கோபாலோடு சேர்ந்து கிள்ளான் டவுனில் மாவு மில் வைத்திருந்தவர். மிளகாய்த்தூளை இயந்திரத்தில் அடைத்து பாக்கெட்டாக சூப்பர்மார்க்கெட்டுக்கு அனுப்பவேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்க, ஜனங்கள் தங்கள் மிளகாய் தங்கள் கண்முன்னால் அரைபடுவதைப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் சொல்ல, பேச்சு முற்றி, அவர் மில்லை விட்டே வெளியே வந்துவிட்டார். மனைவி இறந்து, மகள் ஜொகூரில் இருக்க, தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தின மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததால், வாசலில் வெள்ளைக் கேனோப்பியைப் பார்த்த யாருக்கும் சந்தேகமே வரவில்லை. முந்தின ராத்திரி வந்த கார், டுரியான் கொடுக்க வந்த நண்பருடையது.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தவை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் வீட்டு வாசலில் நான் சாவுக் கேனோப்பி போட்டிருக்கிறேன் என்பது மட்டும்தான். 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி' சட்டையோடு லோரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கே முனியாண்டி அண்ணன் ஏற்கெனவே ஒளிந்திருந்தார். நாம் வீடு மாறி வந்துவிட்டோம் அண்ணே என்றேன். சரிதான் லா என்றார்.

மில்காரர் கேட்டைத் திறந்து உள்ளே போய், அடித்துக்கொண்டே இருந்த போனை எடுத்தார். அவர் மகள். தாமானின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் யாரோ போட்ட இரங்கல் செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்து, ஜொகூரிலிருந்து கிளம்பி, பாதி வழியில் ஆயர் குரோ வரைக்கும் வந்துவிட்டாள். அப்பாதான் பேசுகிறேன் என்று அவர் எவ்வளவு சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றாள். அவர் வெளியே வந்து, லோரிக்குப் பின்னாலிருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நீயே சொல்லம்மா என்று போனை நீட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வணக்கம், நான் கேனோப்பி கம்பெனியிலிருந்து பேசுறேன்" என்றேன்.

அந்தப் பெண் பழையபடி கதற ஆரம்பித்தாள். கோபால் அங்கிள் போனைப் பிடுங்கி, பத்து நிமிஷம் பேசி அவளை அடக்கினார். தன் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே போனில் பேசுவதைக் கேட்டபிறகுதான் அவளுக்குச் சந்தேகமே அதிகமானதாம். இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது அப்பா செத்ததைவிட நம்பமுடியாத விஷயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

அத்தை தன் சின்னக் காரில் வந்து இறங்கினார். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேனோப்பியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், ஒரு காலை ஆட்டிப் பார்த்தார். "நேராத்தான் போட்டிருக்கே," என்றார். பிறகு மில்காரரிடம் போய்க் கைகூப்பி நின்றார். அவர் பெரிதாகக் கோபப்படவில்லை. தம்பியோடு பழைய பாக்கிச் சண்டையைத் தொடர்வதில் மும்முரமாக இருந்தார்.

உண்மையான கஷ்டம் அப்புறம்தான் வந்தது. கேனோப்பியைப் பிரித்து எடுத்துக்கொண்டு இதோ வருகிறோம் என்று அத்தை பத்மா அக்காவுக்குப் போன் செய்தார். பத்மா அக்காவும் அதே தாமான்தானே, புலனக் குழுவில் செய்தியைப் பார்த்து அவரும் கைகூப்புகிற படத்தைப் போட்டிருக்கிறார். மில்காரர் வீட்டில் நிற்கிறதே, அந்தக் கேனோப்பியா என்று கேட்டார். அத்தை ஆமாம் என்றார். எழவுக்குப் போட்ட கேனோப்பியில் என் மகளுக்கு நலங்கா என்று அவர் அழவே ஆரம்பித்துவிட்டார். யாரும் சாகவில்லை என்று அத்தை சொன்னதை, வேறு கேனோப்பி இல்லாததால் சொல்கிற பொய் என்று நினைத்தார். வேறு கேனோப்பி எங்களிடம் உண்மையிலேயே இல்லை. எல்லாம் பத்துமலையில். சனிக்கிழமை, முகூர்த்த நாள், கிள்ளானில் யாரிடமும் ஒரு கம்புகூடக் கிடைக்காது.

அத்தை போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் தொழிலுக்கு விளம்பரப் பலகை கிடையாது. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரருக்கு நம்பர் கொடுப்பதுதான் எல்லாம். மாமனார் ஒரு வாடகை லோரியோடு தொடங்கியது அது. சாயங்காலத்துக்குள் கிள்ளான் முழுக்க என்ன பேசுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நான் அத்தையின் முகத்தைப் பார்க்கமுடியாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் போன் செய்து, கடையில் கற்பூரம் பொட்டலம் கட்டவாவது என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சாவு வீட்டில் அழுத ஒரே கேனோப்பிக்காரி நானாகத்தான் இருப்பேன், அதுவும் யாரும் சாகாத வீட்டில்.

மில்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்து அந்தக் கல்யாண வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். பின்னால் சந்துதானே என்றார். உள்ளே போய்ச் சட்டையை மாற்றி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து, லோரியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கேனோப்பியைப் பிரித்து ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முனியாண்டி அண்ணனுக்கும் மில்காரருக்கும் நடுவில் நான். லோரிக்குப் பின்னால் கோபால் அங்கிளின் மிளகாய் வேன், அதற்குப் பின்னால் அத்தையின் கார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் என்ன நடக்கிறது என்று பார்க்க நடந்தே வந்தார்கள். லோரோங் செம்பாக்கா மூன்று, பதினைந்தாம் நம்பர் வீட்டு வாசலில் பத்மா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். லோரியைப் பார்த்ததும் உள்ளே வரவேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மில்காரர் இறங்கினார். கேட் முன்னால் போய் நின்று செருப்பைக் கழற்றினார்.

"நான்தாம்மா அந்தச் செத்த ஆளு," என்றார். "தாராளமா தொட்டுப் பாரு."

பத்மா அக்கா தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பார்த்தார். மில்காரர், தன் தலைமுடியை இன்றைக்குக் காலையில்தான் வெட்டிக்கொண்டதாகவும், சாகப்போகிறவன் காசு கொடுத்து முடி வெட்டிக்கொள்ள மாட்டான் என்றும் சொன்னார். இந்தக் கேனோப்பிக்கு அடியில் நடந்ததெல்லாம், பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதுதான், இதைவிட நல்ல சகுனம் உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்றார். அந்த நேரத்தில் கோபால் அங்கிள் பின்னாலிருந்து, பேசிக்கொண்டோம் என்று யார் சொன்னது, மில் விஷயம் இன்னும் முடியவில்லை என்றார். அதைக் கேட்டுத்தான் பத்மா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மணப்பெண் தலையில் துண்டோடு வெளியே வந்து, மில் அங்கிள், உள்ளே வாங்க என்றாள். சின்ன வயதிலிருந்து அவர்கள் மில்லில் அம்மாவோடு வரிசையில் நின்றவளாம்.

கேனோப்பியை இந்தத் தடவை ஊரே சேர்ந்து போட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளை இறக்கினார்கள். சீனர் தன் தண்ணீர்ப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பத்மா அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாயங்காலம் விருந்தினர் எல்லாரும் வந்து பார்க்கும்வரை மில்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டும். அவர் உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொருவரும் முதலில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்க்கப் போனார்கள். ஆயர் குரோவிலிருந்து நேராக வந்த மகள் அவர் கையை விடவேயில்லை. பக்கத்தில் கோபால் அங்கிள் உட்கார்ந்து, பாக்கெட் போடும் இயந்திரத்தால் வரும் நன்மைகளை நலங்கு முடியும்வரை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அத்தையின் காரில்தான் திரும்பினேன். காப்பார் நெருங்கும்போது, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து இருக்கிறது, நீ போகிறாயா என்று மட்டும் கேட்டார். போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் வெளியே வந்து கையை ஆட்டினால் ஒழிய ஒரு காலும் ஊன்றக்கூடாது என்றார். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் அதைத்தான் செய்கிறார்கள். யாராவது வந்து கையாட்டும்வரை லோரியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். தினேஷ் இந்தக் கதையை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கதையில் கூட்டம் பெருகுகிறது. போன வாரம் சொன்னதில் சவப்பெட்டியே வந்துவிட்டது.

மில்காரர் இப்போது பாதி நாள் தம்பியின் மில்லில் உட்கார்கிறார். பாக்கெட்டும் உண்டு, கண்முன்னால் அரைப்பதும் உண்டு, சண்டையும் உண்டு. தீபாவளிக்கு எங்கள் வீட்டு மிளகாய் அங்கேதான் போகிறது. வரிசையில் நிற்கிறவர்களிடம் என்னைக் காட்டி, "எனக்குக் கேனோப்பி போட்ட பொண்ணு" என்று அறிமுகம் செய்வார். கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. போன தீபாவளிக்கு மகளும் அங்கே இருந்தாள். தன் காலம் வரும்போது வேறு யாரையும் கூப்பிடக்கூடாது, இந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடவேண்டும், ஒரு தடவை போட்டுப் பழக்கம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். அத்தை பேச்சை மாற்றுங்கள் அண்ணே என்றார். மகள் சிரித்துக்கொண்டே என்னிடம் நம்பர் கேட்டாள். கொடுத்தேன்.

என்ன பெயரில் பதிந்துகொள்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன்.

'மாலினி கேனோப்பி. போன் பண்ணினா நம்பாதே.'